புயலுக்கு முந்திய 72 மணி நேரம்

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவு. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் ஒன்று கொட்டும் மழையில் தனுஷ்கோடியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. ஊரை நெருங்கும் சமயத்தில் கடல் கரையைத் தாண்டி எழுந்து வந்து ரயிலை மூடியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். பொழுது விடிந்தபோது தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்திருந்தது. ரயில் நிலையத்தின் சுவர்களும் மாதா கோயிலின் சுவர்களும் மணலில் நின்றன. இராமேசுவரம் போகிறவர்கள் இன்றும் அந்தச் சுவர்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இப்போது வேறு இரண்டு புயல்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபர் 12 அன்று அதே ஒடிசாவில் கோபால்பூர் அருகே ‘பைலின்’ புயல் கரையைக் கடந்தது. முந்தியதைவிடச் சற்று வலுக்குறைந்தது என்றாலும் அதுவும் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வீசிய கொடும்புயல்தான். ஆனால் அதில் இறந்தவர்கள் ஏறத்தாழ 50 பேர்.

ஏன் இவ்வளவு வேறுபாடு? பைலின் வருவதற்கு முன்பே சுமார் 10 லட்சம் மக்கள் தாழ்வான இடங்களிலிருந்து வெளியேறி, பாதுகாப்பான கட்டடங்களுக்குச் சென்றுவிட்டார்கள். புயல் வந்தது; ஆனால் அது தேடி வந்த இடத்தில் ஆட்கள் இல்லை!

நிலநடுக்கம் சொல்லாமல் வரும். புயல் அப்படியல்ல. அது கடலில் பிறந்து, வளர்ந்து, நகர்ந்து கரைக்கு வரச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்கள்தாம் நமக்குக் கிடைக்கும் செல்வம். அதை எப்படிச் செலவிட வேண்டும் என்று ஒரு குடும்பம் முன்பே யோசித்து வைத்திருந்தால், புயலின் பாதி வலிமை போய்விடும். எதை, எப்போது, ஏன் செய்ய வேண்டும் என்பதுதான் இக்கட்டுரை.

இரண்டு எளிய கணக்குகள்

புயல் என்பது வெப்பத்தால் ஓடும் ஒரு பெரிய இயந்திரம். கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும்போது நீராவி ஏராளமாக எழுகிறது. அது உயரே சென்று குளிர்ந்து மழைத்துளியாகும்போது, தன்னிடமிருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பம் காற்றை மேலும் மேலே எழுப்புகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நோக்கிச் சுற்றிலுமிருந்து காற்று பாய்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அக்காற்று நேராக வராமல் வளைந்து சுழல்கிறது. அட்லாண்டிக் கடலில் இதையே ‘ஹரிக்கேன்’ என்றும், மேற்குப் பசிபிக் கடலில் ‘டைஃபூன்’ என்றும் சொல்கிறார்கள். பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே. காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ. ஆகிவிட்டால் நமது வானிலைத் துறை அதைப் புயல் என்று அறிவித்து, ஒரு பெயரும் சூட்டுகிறது.

“60 கி.மீ. காற்றைத் தாங்கிய வீடு 120 கி.மீ. காற்றில் இரண்டு மடங்கு சிரமப்படும், அவ்வளவுதானே?” என்று நீங்கள் நினைக்கலாம். இங்கேதான் முதல் கணக்கு வருகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 60 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் சுமார் 17 கிலோ எடையளவு அழுத்துகிறது. 120 கி.மீ. காற்றில் இது 70 கிலோ. 180 கி.மீ. காற்றில் ஏறத்தாழ 156 கிலோ! வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

உங்கள் வீட்டு வாசற்கதவு 2 மீட்டர் உயரமும் 1 மீட்டர் அகலமும் உள்ளது என்று கொள்வோம். 120 கி.மீ. காற்றில் அதன்மேல் 140 கிலோ சுமை விழும். இரண்டு பெரியவர்கள் ஏறி நிற்கும் எடை அது. ஒரு சிறிய தாழ்ப்பாள் அதைத் தாங்குமா?

இரண்டாவது கணக்கு நீரைப் பற்றியது. ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. ஒரு கன மீட்டர் நீரின் எடையோ 1000 கிலோ. ஆகவே மணிக்கு 7 கி.மீ. வேகத்தில், அதாவது நாம் விரைந்து நடக்கும் வேகத்தில், ஓடும் வெள்ளம் மணிக்கு 200 கி.மீ. வேகக் காற்றுக்கு இணையாகத் தள்ளும். முழங்கால் அளவு வெள்ளந்தானே என்று இறங்கியவர்கள் ஏன் அடித்துச் செல்லப்படுகிறார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

காற்றுக்கு மறைந்துகொள்ளலாம், நீருக்கு விலகித்தான் போக வேண்டும். புயலுக்கான தயாரிப்பு முழுவதும் இந்த ஒரு விதிக்குள் அடங்கும்.

கடல் ஏன் ஊருக்குள் வருகிறது?

புயலின் நடுவே காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும். 60 மில்லிபார் குறைந்தால் 60 செ.மீ. இது சிறு பங்குதான். பெரும் பங்கு காற்றினுடையது. கரையை நோக்கி மணிக்கணக்காக வீசும் காற்று கடல்நீரைத் தள்ளிக்கொண்டே வருகிறது. கரையோரம் கடல் ஆழமின்றி இருந்தால் அந்த நீர் திரும்பிப்போக வழியின்றிக் குவிந்து மேலெழுகிறது. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவிசீமையில் இப்படி எழுந்த கடல் பல கிராமங்களைத் துடைத்துவிட்டுப் போனது.

நமது கிழக்குக் கரைக்கு இதில் ஒரு நுட்பம் உண்டு. பூமியின் வட பாதியில் புயற்காற்று இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. மேற்கு நோக்கி வரும் புயல் ஒரு ஊரில் கரையைக் கடந்தால், அந்த ஊருக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். தெற்கே நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். ஆகவே கடல் பொங்கும் ஆபத்து வடபுறத்தில்தான் அதிகம். “புயல் நமக்குத் தெற்கே போகிறது, தப்பித்தோம்” என்று யாராவது சொன்னால், நீங்கள் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்பே

தமிழகக் கரைக்குப் புயல் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வருகிறது. ஆகவே தயாரிப்பு செப்டம்பரிலேயே தொடங்க வேண்டும். எச்சரிக்கை வந்தபின் தச்சரையும் கிடைக்காது. கடையில் மெழுகுவத்தியும் கிடைக்காது!

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வேதாரண்யம் பக்கத்தில் கடலிலிருந்து 2 கி.மீ. தூரத்தில் ஓட்டு வீடு. அப்பா, அம்மா, பாட்டி, நீங்கள், தங்கை. கொல்லையில் பத்துத் தென்னை. தொழுவத்தில் ஒரு பசு, இரண்டு ஆடு.

முதலில் கூரையைப் பாருங்கள். கூரை எப்படிப் போகிறது தெரியுமா? காற்று அதைத் தள்ளி விழுத்துவதில்லை, தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தாளை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழியுங்கள். ஒரு முனையைக் கீழ் உதட்டோரம் பிடித்துக்கொண்டு, தொங்கும் தாளின் மேற்புறமாக ஊதுங்கள். தாள் கீழே போகாமல் மேலே எழும்! வளைந்த பரப்பின்மேல் விரைந்து ஓடும் காற்றில் அழுத்தம் குறைகிறது. அடியிலுள்ள காற்று தாளை மேலே தள்ளுகிறது. கூரையிலும் இதுவே நடக்கிறது. ஒரு சன்னல் உடைந்து காற்று வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டால், உள்ளிருந்தும் அது கூரையை மேலே தள்ளும். மழையில் குடை மேல்நோக்கி மடங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதனால் மூன்று வேலைகள். உத்திரமும் கைமரங்களும் சுவரோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று அப்பாவோடு சேர்ந்து பாருங்கள். உளுத்த கட்டைகளை மாற்றச் சொல்லுங்கள். தகரக் கூரையானால் ஆணி மட்டும் போதாது. சட்டத்தைச் சுற்றி வளைந்து பிடிக்கும் கொக்கி போல்ட்டுகள் வேண்டும். கீற்றுக் கூரையானால் அதன்மேல் கயிற்றை வலைபோல் போட்டு, நிலத்தில் ஆழமாக அடித்த முளைகளில் கட்ட வேண்டும். கதவு, சன்னல்களின் கீல்களையும் தாழ்ப்பாள்களையும் சரிசெய்து, வாசற்கதவுக்குக் குறுக்கே போட ஒரு கட்டை தயார் செய்ய வேண்டும்.

அடுத்து மரங்கள். வீட்டின்மேல் சாயும் கிளைகளை வெட்டிவிடுங்கள். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காய்களையும் இறக்கிவிடுங்கள். பெருங்காற்றில் ஒரு தேங்காய் பீரங்கிக் குண்டுக்குச் சமம்.

பாட்டி வரமாட்டேன் என்றால்?

இனி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வெளியேறச் சொன்னால் எங்கே போவது? யார் யாரைக் கூட்டிக்கொண்டு போவது? மாட்டை என்ன செய்வது?

“எத்தனையோ புயலைப் பார்த்தாச்சு. வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு நான் வரமாட்டேன்” என்று பாட்டி சொல்லக்கூடும். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பாட்டியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பசுதான் குடும்பத்தின் வருமானம். பூட்டிய வீட்டில் திருட்டுப் போகலாம். கூட்டம் நிறைந்த முகாமில் பெண்களுக்குக் குளியலறை வசதி இருக்குமா என்ற கவலையும் உண்டு. இவற்றையெல்லாம் புயல் இரவில் வாதாட முடியாது. இப்போதே பேசித் தீர்க்க வேண்டும்.

முதலில் பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். “நீங்கள் பார்த்த புயல்களில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது, பாட்டி?” கோயில் படிவரை என்பார், அல்லது இன்ன மரத்தடிவரை என்பார். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஒரு நல்ல அளவுக்குறி. நம் வீட்டுத் தளம் அதைவிடத் தாழ்வா, உயரமா என்று பாருங்கள். பாட்டி பார்த்ததைவிடப் பெரிய புயலும் வரலாம் என்பதையும் பக்குவமாகச் சொல்லுங்கள். தன் அனுபவத்தைக் கேட்டு மதிக்கும் பேரக்குழந்தை சொன்னால் பாட்டி எழுந்து வருவார்.

ஊரில் உள்ள புயல் பாதுகாப்பு மையம் எது? பள்ளிக்கூடமா, வேறு கான்கிரீட் கட்டடமா? அங்கே ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது? பாட்டியோடு நடந்தால் எத்தனை நிமிடம்? வழியில் வாய்க்கால் உண்டா? அது நிரம்பினால் வேறு வழி எது? மாடுகளை ஓட்டிச் செல்ல உயரமான மேடு எது? இவற்றைக் குறித்து ஒரு சிறிய வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

கடிகாரம் ஓடத் தொடங்குகிறது

இந்திய வானிலைத் துறை புயலுக்குப் படிப்படியாக அறிவிப்புகளைத் தருகிறது. இந்தத் துறை 1875-இல் தோன்றியது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் 1864-இல் கல்கத்தாவை அழித்த ஒரு புயல். இன்று செயற்கைக்கோள்களும், சென்னை, காரைக்கால் முதலிய இடங்களிலுள்ள ரேடார்களும் புயலை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

72 மணி நேரம் முன்பு: முன்கண்காணிப்பு அறிவிப்பு. புயல் உருவாகலாம் என்பதே செய்தி. உங்கள் ஊருக்குத்தான் வரும் என்று இப்போது சொல்ல இயலாது. இருந்தாலும் சுலபமான வேலைகளை முடித்துவிடுங்கள். மருந்துகளை எண்ணிப் பாருங்கள். பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை நோய் மருந்து இரண்டு வாரத்துக்காவது இருக்கட்டும். வீட்டில் பிரசவ நாள் நெருங்கிய பெண் இருந்தால் மருத்துவமனை உள்ள ஊருக்கு இப்போதே அனுப்பிவிட வேண்டும். மீனவக் குடும்பமானால் யாரும் கடலுக்குப் போகக்கூடாது.

48 மணி நேரம் முன்பு: மஞ்சள் எச்சரிக்கை. இப்போது தண்ணீர்க் கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் நான்கு நிரப்பி, மூடி வைத்தால் சரியாகிவிடும். மேலும் சேமிக்க முடிந்தால் நல்லது. ஏனெனில் மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. கடல்நீர் புகுந்தால் கிணறு உப்பாகிவிடும். 2018 நவம்பர் 16 அன்று ‘கஜா’ புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபின், பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இன்றி இருந்தன.

மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. மொட்டைமாடியில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியை முழுவதும் நிரப்பிவிடுங்கள். வெறும் தொட்டி காற்றில் பந்துபோல் பறந்துவிடும். 500 லிட்டர் நீர் நிரம்பினால் அதன் எடை அரை டன்! குடிநீரும் ஆயிற்று, தொட்டியும் தப்பிற்று.

24 மணி நேரம் முன்பு: ஆரஞ்சு எச்சரிக்கை. எங்கே, எப்போது கரையைக் கடக்கும் என்று இப்போது ஓரளவு தெளிவாகத் தெரியும். ஆனால் வரைபடத்தில் காட்டும் அந்தப் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள். புயல் என்பது பல நூறு கி.மீ. அகலமுள்ள சக்கரம், புள்ளி அதன் அச்சு மட்டுமே.

முற்றத்தில் கிடக்கும் வாளி, கடப்பாரை, தகரத் துண்டு, மாடியிலுள்ள பூந்தொட்டி எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வையுங்கள். கைப்பேசிகளையும் மின்விளக்குகளையும் முழுவதும் மின்னேற்றுங்கள். மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். கைப்பேசிக் கோபுரங்கள் சாய்ந்த பிறகும் அது பேசும். பிறகு ‘புயல் பை’யைக் கட்டுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

குடும்ப அட்டை, ஆதார் அட்டை, நிலப் பட்டா, வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ்கள் (இரண்டு பாலித்தீன் உறைகளுக்குள்), கொஞ்சம் ரொக்கப் பணம், மருந்துகள், டார்ச் விளக்கு, மின்கலங்கள், அவல், பொரிகடலை, வெல்லம், பிஸ்கட், சர்க்கரை, உப்பு, ஒரு மாற்று உடை, போர்வை, பெண்களுக்கான துணிப் பொருட்கள், சோப்பு, கத்தி, கயிறு, முக்கியத் தொலைபேசி எண்களை எழுதிய ஒரு தாள். கைப்பேசி அணைந்தபின் அப்பாவின் எண் உங்களுக்கு நினைவிருக்குமா?

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அவை கப்பல்களுக்கான குறிகள். 8, 9, 10 ஆகிய எண்கள் பெரும் ஆபத்தைக் குறிக்கும். எண் 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் வெளியேறக் கூண்டு எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதிகாரிகள் சொன்னதும் கிளம்பிவிட வேண்டும். அதுவும் பகல் வெளிச்சத்தில், காற்று வலுக்கும் முன்பே. முதியவர்களும் குழந்தைகளும் முதலில். மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டு, கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டிய மாடு வெள்ளத்தில் மூழ்கும்; அவிழ்த்த மாடு நீந்தும். இதைச் சொன்னால் பாட்டிக்கும் சற்று நிம்மதி.

கடைசி 12 மணி நேரம்: சிவப்பு எச்சரிக்கை. வெளியேறுவதானால் இதற்குள் வெளியேறியிருக்க வேண்டும். உயரமான இடத்தில் உறுதியான வீடு உள்ளவர்கள் உள்ளேயே இருக்கலாம். மின்சார மெயின் சுவிட்சை அணையுங்கள். சமையல் எரிவாயுவை மூடுங்கள். கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடையுங்கள். கண்ணாடிச் சன்னலுக்கு விலகி, வீட்டின் நடுவே உள்ள சிறிய அறையில் எல்லாரும் சேர்ந்து இருங்கள்.

கண்ணை நம்பாதே!

2016 டிசம்பர் 12 அன்று ‘வர்தா’ புயல் சென்னையைக் கடந்தது. பிற்பகல் முழுவதும் காற்று அலறியது. பிறகு சில இடங்களில் திடீரென்று அமைதி. மழையும் ஓய்ந்தது. “போய்விட்டது” என்று பலர் வெளியே வந்தார்கள். ஆனால் அது புயலின் கண்! சக்கரத்தின் நடுவேயுள்ள ஓட்டை போன்றது. சிறிது நேரத்தில் சக்கரத்தின் மறுபாதி வந்து சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேற்கு நோக்கி வரும் புயலில் கண்ணுக்கு முன் காற்று வடக்கிலிருந்து வீசும். கண் கடந்தபின் தெற்கிலிருந்து வீசும். ஒருபுறமாகச் சாய்ந்து தளர்ந்த மரமும் சுவரும் இப்போது எதிர்ப்புறமாகத் தள்ளப்படுகின்றன. முதற்பாதியில் தப்பியவை இரண்டாம் பாதியில் விழுவதற்கு இதுதான் காரணம். ஆகவே திடீர் அமைதி ஏற்பட்டால் வெளியே வரக்கூடாது. புயல் முற்றிலும் கடந்துவிட்டது என்று வானொலியில் அறிவிக்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டும்.

புயலுக்குப் பின்

காற்று நின்ற பிறகும் ஆபத்து நிற்பதில்லை. அறுந்து கிடக்கும் மின்கம்பி செத்த பாம்பு போலத் தெரியும். தொட்டால் அது உயிரோடிருப்பது தெரியும். அதன் அருகிலும், அது கிடக்கும் தண்ணீரிலும் கால் வைக்காதீர்கள். நிஜப் பாம்புகளும் வெள்ளத்துக்குப் பயந்து மேட்டைத் தேடி வீட்டுக்குள் வந்திருக்கும். ஓட்டுக் குவியலிலும் விறகு அடுக்கிலும் வெறுங்கையை விடக்கூடாது. எரிவாயு நாற்றம் அடித்தால் தீக்குச்சி கிழிக்கக்கூடாது, சுவிட்சையும் தொடக்கூடாது. விரிசல் விட்ட மண்சுவரின் அருகே யாரும் நிற்கவோ தூங்கவோ வேண்டாம்; நனைந்த சுவர் மழை விட்டபிறகும் விழும்.

நீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து கலந்து, அடிக்கடி கொடுக்க வேண்டும். புயல் பையில் சர்க்கரையும் உப்பும் ஏன் வைத்தோம் என்பது இப்போது தெரிகிறதா?

உறவினருக்குத் தகவல் சொல்ல, நெடுநேரம் பேசுவதைவிட ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது நல்லது. நெரிசலான நேரத்திலும் அது எப்படியாவது போய்ச் சேரும். உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108. வீட்டைச் சரிசெய்யத் தொடங்குமுன் சேதத்தைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். நிவாரணம் கேட்கும்போது அது சான்றாகும்.

நீங்கள் செய்ய வேண்டியது

இதைப் படித்து முடித்ததும் மூன்று வேலைகள் செய்யுங்கள். ஒன்று: பாதுகாப்பு மையத்துக்கு நடந்து போய் நேரத்தை அளந்து வாருங்கள். இரண்டு: பாட்டியிடமோ தாத்தாவிடமோ, அவர்கள் இல்லாவிட்டால் தெருவில் வயதான ஒருவரிடமோ, தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டு எழுதுங்கள். மூன்று: உங்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர், நடக்க இயலாதவர், கைக்குழந்தை உள்ள வீடு எவை எவை என்று பட்டியல் போடுங்கள். எச்சரிக்கை வந்ததும் முதலில் தட்ட வேண்டிய கதவுகள் அவை. வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்தால் ஊர் முழுவதற்குமே இந்தப் பட்டியலைத் தயாரித்துவிடலாம். அதை ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள்.

வங்கக் கடலில் இந்த ஆண்டும் புயல் பிறக்கலாம். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் அது பிறந்த செய்தி நமக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்து சேரும். தனுஷ்கோடி ரயிலில் இருந்தவர்களுக்குக் கிடைக்காத அந்த மூன்று நாட்களை நாம் வீணாக்கலாமா?